கடலில் பாடு இல்லை

என் வீட்டுக்காரர் தனக்கோடி யாரையும் முந்திப் போனதில்லை. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஐஸ் வாங்க வரிசையில் நின்றால், பின்னால் வந்தவன் கூடையை இவருக்கு முன்னால் வைப்பான். இவர் நகர்ந்து இடம் கொடுப்பார். பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலையில் இரண்டு தடவை மீன் விழும். இவர் இலைக்கு வரும்போது குழம்புதான் மிஞ்சியிருக்கும். அண்ணன் தருமன் ரோட்டோரத்து மனையை எடுத்துக்கொண்டார். இவருக்குப் பின்னால் இருந்த பள்ளம் வந்தது. மழை பெய்தால் எங்கள் வீட்டுக்குள்ளேயே தவளை கத்தும். கேட்டால், "அண்ணனுக்குப் புள்ளைங்க ஜாஸ்தி இல்லமே" என்பார். பெயர் மட்டும் தனக்கோடி.

குடி கிடையாது, கை நீட்ட மாட்டார், பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுவருவார். உனக்குக் கிடைத்தது தங்கம் என்று என் அம்மா சொல்லுவாள். தங்கம்தான், யார் இல்லை என்றது? கூட இருக்கிறவளுக்குத்தானே தெரியும். நான் லைட்ஹவுஸ் குப்பத்துக்காரி. கடலைப் பார்த்த வாசலில் பிறந்தவள். எங்கள் நைனா கட்டுமரத்தைத் தள்ளினால் பத்துப் பேரைத் தாண்டித்தான் நிற்பார். பழவேற்காடு ஏரிக்கரைக்கு, கோட்டைக்குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். ஏழு வருஷமாக ஒன்றே ஒன்றுக்குத்தான் ஏங்கினேன். ஒரே ஒரு தடவை இந்த மனுஷன் யாரையாவது தாண்டி முன்னால் போவதை என் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஏரியில் பாடு என்று ஒன்று உண்டு. இறால் படும் இடங்களுக்கு ஊர் முறை வைத்திருக்கிறது. சீட்டுப் போட்டு, இந்த இடம் இன்றைக்கு இவர்களுக்கு, நாளைக்கு அவர்களுக்கு என்று பிரித்துவிடுவார்கள். அதுதான் பாடு. கல்யாணம் ஆன ஆம்பிளைக்குத்தான் கிடைக்கும். என் கழுத்தில் தாலி ஏறிய பிறகுதான் உன் பெயர் சீட்டில் ஏறியது என்று நான் அடிக்கடி சொல்லிக் காட்டுவேன். ஒருத்தர் பாட்டில் இன்னொருத்தர் வலை இறக்கக் கூடாது. வலையோடு முன்னால் போகிறவரைத் தாண்டிக் குறுக்கே தோணி விடக் கூடாது. விட்டால் தண்ணீர் கலங்கும், இறால் ஒதுங்கிவிடும், அவர் அன்றைய பிழைப்புப் போய்விடும். அப்படிச் செய்தவனை ஊர்க்கூட்டத்தில் நிறுத்திக் கேட்பார்கள். என் வீட்டுக்காரரை ஒரு நாளும் யாரும் நிறுத்தியதில்லை.

வண்டி எங்களுக்கு எழுபத்தெட்டாம் வருஷம் வந்தது. பழவேற்காடு கடைத்தெருவில் ஜெகபர் அலி ரிப்பேர் கடை வைத்திருந்தார். என் வீட்டுக்காரருக்கும் அவருக்கும் ஒரே வயது, ஒரே பைத்தியம். அலி பாய் மூன்று செத்த ஜாவா மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டு உயிருள்ள ஜாவா ஒன்றை எழுப்பினார். டேங்க் சிவப்பு, மட்கார்டு கறுப்பு, சைலன்சர் எந்த வண்டியுடையது என்று அவருக்கே தெரியாது. எப்படி வாங்கினோம் என்று கேட்காதீர்கள். இரண்டு வருஷம் அலி பாய் வீட்டில் யாரும் மீன் வாங்க வெளியே போகவில்லை என்று மட்டும் சொல்கிறேன். உதைத்து ஸ்டார்ட் பண்ணும் அதே கம்பிதான் கியர் மாற்றவும். அதில் கூடை கட்டி, பொன்னேரியில் ரயிலைப் பிடிக்க இறால் கொண்டுபோவார்.

எண்பத்தொன்றாம் வருஷக் கோடையில் ஒரு நாள் அலி பாய் சோழவரம் பற்றிப் பேச ஆரம்பித்தார். அங்கே சண்டைக் காலத்தில் ஏரோப்ளேன் இறங்குவதற்குப் போட்ட கான்கிரீட் தரை இருக்கிறது. வருஷா வருஷம் மாசி மாத வாக்கில் அதில் மோட்டார் சைக்கிள் பந்தயம் விடுகிறார்கள். மெட்ராஸ், பெங்களூர், எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கென்று தனியாக ஒரு பந்தயம் உண்டு. சனிக்கிழமை ஓட்டிக் காட்ட வேண்டும். அதில் வேகமாகச் சுற்றி வந்த முப்பது பேர் மட்டும் ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் நிற்கலாம். அலி பாய் இதைச் சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்று நாள் என் வீட்டுக்காரர் பேசவில்லை. வழக்கமாகவே அதிகம் பேசுகிறவர் இல்லை என்பதால் நானும் கவனிக்கவில்லை. நாலாம் நாள், அலி பாய் வந்திருந்தபோது, வலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பாய், நம்மள மாதிரி ஆளுங்கள உள்ள வுடுவாங்களா?"

வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. இந்த மனுஷன் தனக்காக வாயைத் திறந்து எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட, "அவங்க சொன்னா சரிதான்" என்றவர்.

"வுடாம இன்னா? வண்டி சுத்தமா இருக்கணும், தலைல ஹெல்மெட்டு, ஒடம்புல தோல் சட்டை. அவ்ளோதான். ஃபாரம் நான் வாங்கியாறேன். மஜாவா ஓட்டலாம்" என்றார் அலி பாய்.

எனக்கு மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒன்று மட்டும் உடனே புரிந்தது. அங்கே முந்தித்தான் ஆக வேண்டும். வழிவிட்டு நிற்க அது ஐஸ் கடை இல்லை. "போய்யா, போய் ஓட்டு" என்றேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த வருஷம் ஏரியின் மேற்குப் பக்கம் தண்ணீர் நன்றாக உள்வாங்கியிருந்தது. கண்ணுக்கு எட்டியவரை வெறும் தரை. மேலே உப்புப் பூத்து, அடியில் களிமண் இறுகி, ரோட்டைவிட நன்றாக இருந்தது. விடிந்ததும் அங்கே போவோம். மகள் சாமுண்டீஸ்வரியை என் அம்மாவிடம் விட்டுவிட்டு நானும் போவேன். அலி பாய் திருப்பங்களுக்கு அடையாளமாக நாலு உடைந்த பானைகளைத் தூரத் தூரமாகக் கவிழ்த்து வைத்தார்.

முதல் வாரம் விழுந்து விழுந்து எழுந்தார். காற்றில் தோணி ஒரு பக்கம் சாய்ந்தால் நாங்கள் மறுபக்கம் சாய்வோம். அது உடம்பில் ஊறிப்போனது. வண்டி இடது பக்கம் திரும்பினால் இவர் வலது பக்கம் சாய்ந்தார். அலி பாய் தலையில் அடித்துக்கொண்டார். "அய்ய, தோணி இல்லபா இது! வண்டி எந்தப் பக்கம் போவுதோ நீயும் அந்தப் பக்கமே போ!" ஒரு நாள் அது திடீரென்று வந்துவிட்டது. பானையைச் சுற்றி வண்டியும் அவரும் ஒன்றாகச் சாய்ந்து, ஒன்றாக நிமிர்ந்தார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அந்தக் காலைகளை நினைத்தால் நிஜமாக நடந்தவையா என்றே எனக்குச் சந்தேகம் வரும். வானமும் தரையும் ஒரே நிறத்தில் இருக்கும். நடுவில் கோடு எதுவும் இருக்காது. அவர் போகப் போக முதலில் சத்தம் குறையும், பிறகு வண்டி சிறுத்துப்போகும், பிறகு அவரும் காணாமல் போய்விடுவார். வெயில் ஏறினால் கானல் எழும்பும். அதில் அவர் தரைக்கு ஒரு முழம் மேலே மிதந்துகொண்டு வருவார். சக்கரம் இருக்காது, தலையும் தோளும் மட்டும் வரும். தண்ணீர் மிச்சமிருந்த இடத்தில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. வண்டிச் சத்தம் கேட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் கழுத்தைத் திருப்பும், ஆனால் பறக்காது. அவரைப் பார்த்துப் பயப்படுகிற ஜீவன் உலகத்தில் உண்டா என்ன.

ஒரு நாள் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. காற்று மட்டும் இருந்தது, உப்பு வாசனை மட்டும் இருந்தது. அவர் முதுகு சூடாக இருந்தது. ஏதோ கத்தினார். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்லமே, சும்மா!" என்றார். சும்மா கத்துகிற ஆளா இவர்? கண்ணைத் திறந்து பார்த்தேன். எங்களுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை, ஒரு ஈ காக்கை இல்லை, வெள்ளையாக விரிந்த தரை மட்டும்தான். முன்னால் யாரும் இல்லாததால்தான் அவருக்கு அந்த வேகம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஆள் மாறிவிட்டார் என்று நினைத்து உள்ளுக்குள் பூரித்துப்போனேன்.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிவிட்டது. நாங்கள் ஓட்டிய தரை தண்ணீருக்கு அடியில் போனது. அதற்குப் பிறகு மற்ற வேலைகள்.

தோல் சட்டை வாங்க எங்களிடம் வழி இல்லை. அலி பாயின் மனைவி ராபியாவின் தம்பி பெரியமேட்டில் தோல் மண்டியில் இருந்தான். கழித்துப்போட்ட துண்டுகளை ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து போட்டான். பழுப்பு, கறுப்பு, ஒன்று ரத்தச் சிவப்பு. ராபியாவின் தையல் மிஷினில் மூன்று ஊசி உடைந்தன. "இது என் வேலை" என்று நான் வாங்கிக்கொண்டேன். கோணி ஊசி, வலைக்கு வைத்திருந்த நைலான் நூல், எங்கள் வலை முடிச்சு. இரண்டு வாரம் விரலெல்லாம் ஓட்டை. போட்டுப் பார்த்தபோது ராபியா சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள். ஆனால் இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து இழுத்தாலும் தையல் விடவில்லை.

ஹெல்மெட் பொன்னேரி கோர்ட்டில் அமீனாவாக இருந்த ஒருவரிடம் இரவல் வாங்கியது. பூட்ஸ் லைட்ஹவுஸில் வேலை பார்த்தவர் கொடுத்தார். ஒரு அளவு சின்னது. கையுறை மட்டும் கிடைக்கவில்லை. கொத்தனார்கள் போட்டுக்கொள்ளும் துணி உறையின் உள்ளங்கையில் மிச்சத் தோலை வைத்துத் தைத்தேன். டயர் முன்னால் மட்டும் புதிது. மற்றபடி அலி பாயின் சூத்திரம் ஒன்றுதான்: "காசு கீறவன் வண்டில எதனா மாட்டுவான் தங்கச்சி. நாம கழட்டுவோம். எவ்ளோ கழட்டறமோ அவ்ளோ வேகம்." கேரியர், ஹாரன், ஸ்டாண்டு, செயின் கவர் எல்லாம் அங்கே போய்க் கழற்றுவது என்று முடிவானது. ஏனென்றால் அதே வண்டியில்தான் நாங்கள் போகவும் வேண்டும், வரவும் வேண்டும்.

தோணிகளுக்குப் பெயர் எழுதும் வேணு தகரத்தில் பத்தொன்பது என்று நம்பர் எழுதிக் கொடுத்தான். பழக்கதோஷத்தில் அதற்குக் கீழே எல்லையம்மன் துணை என்றும் எழுதிவிட்டான்.

சனிக்கிழமை எங்கள் பாடு. மாசி மாதம், நல்ல இடம், இறால் அள்ளும் நாள். அந்த இடம் திரும்ப எங்களுக்கு வர மாதக்கணக்காகும். போகாவிட்டால் போனதுதான், ஊர் யாருக்காகவும் முறையை மாற்றாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சந்தோஷமாக வலையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். நான் சொல்லவில்லை. என்னால் வந்த பாடு, நானே விட்டேன்.

காலையில் கிளம்பினோம். பொன்னேரி தாண்டி, தச்சூர் கூட்டு ரோட்டில் திரும்பி, நெல் வயல்களுக்கு நடுவே போனோம். அலி பாய் கருவிகளை மீன் கூடையில் போட்டுத் துணி மூடி பஸ்ஸில் வந்தார். கண்டக்டர் மீனுக்கு லக்கேஜ் போட்டுவிட்டான் என்று வந்ததிலிருந்து புலம்பினார்.

அப்படி ஒரு இடத்தை நான் பார்த்ததில்லை. கான்கிரீட் வெள்ளையாக நீண்டு, முடிவு தெரியாமல் வெயிலில் கரைந்தது. வண்டிகளெல்லாம் கோயில் தேர் மாதிரி துடைத்து நின்றன. நாங்கள் ஓரத்தில் ஒரு பனை மரத்தடியில் கழற்ற வேண்டியதையெல்லாம் கழற்றிச் சாக்கில் போட்டோம். சோதிக்கிறவர் வந்தார். பிரேக்கைப் பிடித்தார், சக்கரத்தை ஆட்டினார். எல்லையம்மன் துணையைப் படித்துவிட்டு மீசைக்குள் சிரித்தார். தோல் சட்டையின் தையலில் விரலை விட்டு இழுத்தார். மறுபடி பலமாக இழுத்தார்.

"யார் தைச்சது இது?"

"நான்தான்" என்றேன்.

"நல்லா இருக்கும்மா" என்று சுண்ணாம்பால் டேங்கில் ஒரு குறி போட்டுவிட்டுப் போனார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

புதியவர்கள் நாற்பத்து மூன்று பேர். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை ஓட்டலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் குறிப்பார்கள். நல்ல சுற்று ஒன்றாவது கிடைத்தால் போதும்.

காலை முறையில் கொடி விழுந்தது. வண்டிகள் சீறிக்கொண்டு போயின. என் வீட்டுக்காரர் எல்லோரையும் போகவிட்டுவிட்டுக் கிளம்பினார். பரவாயில்லை, முதல் சுற்றுதானே என்று நினைத்தேன். அவருக்கு முன்னால் எட்டாம் நம்பர் புல்லட்டில் ஒரு பருத்த ஆள் போய்க்கொண்டிருந்தார். லோகநாதன் என்று பெயர், பெரம்பூரில் அச்சகம் வைத்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. நல்ல மனுஷன், ஆனால் வண்டியைச் சுவாமி ஊர்வலம் மாதிரி ஓட்டினார். இரண்டாம் சுற்றிலும் எட்டாம் நம்பருக்குப் பின்னால் பத்தொன்பது. மூன்றாம் சுற்றிலும் அப்படியே. எட்டாம் நம்பர் வளைந்தால் வளைந்து, நிதானித்தால் நிதானித்து, கட்டி இழுத்த தோணியாகப் பின்னாலேயே போனார். ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றிப் பின்னால் வந்தவர்கள் இரண்டு பேரையும் தாண்டிப் போனார்கள். அப்படித் தாண்டியவர்களுக்கு இவர் ஒதுங்கி வழி வேறு விட்டார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. பாட்டை விட்டுவிட்டு வந்தோமே! இரண்டு வாரம் ஊசியால் குத்திக்கொண்டேனே! இந்தக் கண்ராவியைப் பார்க்கவா?

வண்டி வந்து நின்றதும் அலி பாய் குனிந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். "பிளக்கு நல்லாதான் கீது. கார்புரேட்டர்ல தண்ணி கிண்ணி போச்சா? ஏன்பா இழுக்கல?"

"வண்டி நல்லாதான் இழுக்குது பாய்."

"அப்புறம் இன்னா பேஜாரு?"

"அவரு முன்னாடி போனாரே" என்றார் என் வீட்டுக்காரர்.

"தாண்டிப் போறதுதானய்யா?" என்று நான் பல்லைக் கடித்தேன்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் முழுக்க வேர்வை. குழந்தைக்குச் சொல்வதுபோல எனக்குச் சொன்னார். "எப்டிமே தாண்டறது? அது அவரு புடிச்சுக்கினு போற வழி. குறுக்க வுட்டா அவருக்குக் கலங்கிடாதா?"

அலி பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. எது கலங்கும் என்று வண்டியைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. கான்கிரீட்டைத் திரும்பிப் பார்த்தேன். கானலில் அது தண்ணீராகத்தான் தெரிந்தது, கரையோரம் தளும்பும் ஏரியாகவே தெரிந்தது. வண்டிகள் அதில் இறங்கி, நனையாமல் ஏறி வந்தன. இந்த மனுஷன் சோழவரத்துக்கு வந்தும் ஏரியிலேயேதான் இருந்திருக்கிறார். அவர் பயந்து பின்தங்கவில்லை. லோகநாதனின் பாட்டில் புகக் கூடாது என்று இருந்திருக்கிறார்.

அது தெரிந்த பிறகும் என் கோபம் தணியவில்லை. இன்னும் ஏறியது.

"யோவ்! இது ஏரி இல்லய்யா!" என்று கத்தினேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். "இங்க யாரு சீட்டுப் போட்டா? எந்த ஊர்க்கூட்டம் உன்னை நிக்க வெச்சுக் கேக்கப்போவுது? இது கடலு! கடல்ல ஏதுய்யா பாடு?"

அது உண்மைதான். முகத்துவாரம் தாண்டிவிட்டால் சீட்டு கிடையாது, முறை கிடையாது. கடல் யாருக்கும் பிரித்துக் கொடுத்ததில்லை. துடுப்பு வலிக்கிறவன் போகலாம். எங்கள் குப்பத்தில் ஒரு கட்டுமரம் இன்னொன்றைத் தாண்டினால் தாண்டப்பட்டவன் திட்டுவான், சிரிப்பான், மறுநாள் அவன் தாண்டுவான். யாருக்கும் எதுவும் கலங்காது. கல்யாணமான புதிதில் எங்கள் நைனாவோடு இவர் நாலைந்து தடவை கடலுக்குப் போயிருக்கிறார்.

என் வீட்டுக்காரர் அங்கே இருந்த குடத்துத் தண்ணீரை எடுத்து முகத்தில் அடித்துக்கொண்டார். அந்த வெள்ளைத் தரையின் கடைசியைப் பார்த்தார்.

"கடலா?" என்றார்.

"கடலுதான்."

மதிய முறையில் வெயில் கொளுத்தியது. கொடி விழுந்ததும் முதல் இரண்டு சுற்று எல்லோருக்கும் பின்னால்தான் போனார். நான் தலைமேல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் சுற்றில், நேர்த் தரையில், ஒரு பச்சை வண்டிக்குப் பக்கத்தில் பத்தொன்பது வந்தது. வந்தது, பக்கத்திலேயே ஓடியது, பிறகு மெதுவாக, கனவில் நகர்வதுபோல நகர்ந்து முன்னால் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஒருத்தரைத் தாண்டிவிட்டார். தாண்டிய கையோடு இடது கையைத் தூக்கி அந்த ஆளிடம் மன்னிப்பு வேறு கேட்டார். வண்டி ஒரு ஆட்டம் ஆடியது.

"கைய கீழ வைடா, டேய்!" என்று அலி பாய் கடைத்தெருவுக்கே கேட்கிற மாதிரி அலறினார்.

அடுத்தவனையும் தாண்டினார். அதற்கும் கை தூக்கினார். அதற்கடுத்தவனையும் தாண்டினார். நான் எழுந்து நின்றது எனக்குத் தெரியாது. சத்தமெல்லாம் எங்கோ போய்விட்டது. வெள்ளைத் தரையில், தண்ணீர் மாதிரி நடுங்கும் வெயிலில், பழுப்பும் கறுப்பும் சிவப்புமாக நான் தைத்த சட்டை ஒன்று சாய்ந்து, நிமிர்ந்து, சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. ஏரித் தரையில் பார்த்த அதே ஆள்தான். இப்போது அவருக்கு முன்னால் ஆட்கள் இருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசிச் சுற்றில் எட்டாம் நம்பர் புல்லட் அவருக்கு முன்னால் வந்தது. லோகநாதன் காலையைவிட வேகமாக, ஆனால் வழக்கம்போல நடுவில் போய்க்கொண்டிருந்தார். பத்தொன்பது பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. அரைச் சுற்று அப்படியே போனது. போச்சு, மறுபடி ஏரிக்குள் இறங்கிவிட்டார் என்று நினைத்தேன். பெரிய திருப்பம் வந்தது. ஜாவா சாய்ந்தது. பானையைச் சுற்றிச் சாய்ந்ததைவிடவும் கீழே, முழங்கால் தரையில் படும்படி, புல்லட்டுக்கு உட்பக்கமாகப் புகுந்து வெளியே வந்தது. இந்தத் தடவை அவர் கையைத் தூக்கவில்லை. எனக்குக் கண் தெரியவில்லை, அவ்வளவு அழுதேன்.

ஒரு மணி நேரம் கழித்துக் கரும்பலகையில் நம்பர்களைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினார்கள். மேலிருந்து கீழே எழுதிக்கொண்டே வந்தார்கள். இருபது, இருபத்தைந்து, இருபத்தெட்டு ஆயிற்று. அலி பாய் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓதினார். முப்பதாவது இடத்தில் பத்தொன்பது என்று எழுதினார்கள். அதற்குக் கீழே ஒரு கோடு போட்டார்கள். கோட்டுக்கு அடியில் முதலாவதாக எட்டு என்று எழுதினார்கள்.

அலி பாய் துள்ளினார். நான் துள்ளவில்லை. என் வீட்டுக்காரரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பலகையைப் பார்த்தார், பிறகு கூட்டத்தில் லோகநாதனைத் தேடினார். அந்தப் பருத்த மனுஷன் புல்லட்டில் சாய்ந்து நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் அவரை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

அந்த நடையை எனக்குத் தெரியும். அண்ணனுக்கு மனையை விட்டுக்கொடுக்கப் போன நடை அது. முப்பதாவது இடத்தைத் தூக்கி அந்த ஆள் கையில் கொடுத்துவிட்டு, நாளைக்கு என்னோடு வீட்டில் உட்கார்ந்து வலை பொத்தப்போகிறார். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுக்கலாம். வாய் எனக்குப் பஞ்சமா? ஆனால் கால் நகரவில்லை. நான் கத்தித்தான் காலையில் கடலுக்குள் இறக்கினேன். இதையும் நான் கத்தித்தான் வாங்க வேண்டுமென்றால், அப்புறம் இது யார் இடம்?

தூரத்தில் இரண்டு பேரும் பேசுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. ஏதோ ஒரு வண்டி உறுமிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் தலை குனிந்து நின்றார். பிறகு தலையைத் தூக்கி ஏதோ நாலைந்து வார்த்தை சொன்னார். லோகநாதன் அவரை முறைத்துப் பார்த்தார். பிறகு அந்தப் பெரிய உடம்பு முழுக்கக் குலுங்க அவர் சிரித்தார். தன் கையிலிருந்த தோல் உறைகளை ஒவ்வொன்றாக உருவி, என் வீட்டுக்காரரின் நெஞ்சில் வைத்து அழுத்தினார்.

என் வீட்டுக்காரர் திரும்பி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"குடுத்துட்டியாய்யா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"குடுக்கத்தான்மே போனேன்" என்றார். "'அண்ணே, என் எடத்த நீங்க எடுத்துக்கங்க'னு சொல்லணும்னு போனேன். வாயத் தொறந்தா, 'நாளைக்கு நான் ஓட்டறத இருந்து பாத்துட்டுப் போங்கண்ணே'னு வந்துடுச்சு."

உறையை ஒரு கையில் மாட்டினார். பெரிதாக இருந்தது, விரல் நுனிகள் காலியாகத் தொங்கின. "தப்பா பேசிட்டனா மே?" என்று கேட்டார்.

திட்டுவதற்கு நான் வாயைத் திறந்தேன். திட்டாமல், மிச்ச உறையை வாங்கி அவர் மறு கையில் மாட்டிவிட்டேன்.